அம்மை இறங்கும்வரை

கசிப்புச் சாராயம் விற்கிற வீட்டுக்கு வழி கேட்க ஒரு நாளும் கூச்சப்படாத ராசையா, குடியை விட்டவர்கள் கூடுகிற இடத்துக்கு வழி கேட்க வாய் வராமல் உக்குவளைச் சந்தியில் நெடுநேரம் நின்றான். ஞாயிறு மாலைகளில் ஒரு பள்ளிக்கூடத்துப் பின்னறையில் கூட்டம் நடக்கிறது என்று அவன் வேலை செய்யும் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா சொல்லியிருந்தார். இன்னொரு தரம் குடித்தால் ரத்த வாந்தி நிற்காது, ஆள் தேறமாட்டான் என்றவரும் அவர்தான். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டால் எதற்கு என்று கேட்பார்களே!

கடையைப் பூட்டிக்கொண்டு வந்த தையல்காரர் மஹ்ரூப் அவன் நிற்கிற நிலையைப் பார்த்தார். முதல் தடவை அவரும் அதே இடத்தில்தான் முழித்துக்கொண்டு நின்றவர்.

"வாங்கண்ணே, நானும் அங்கதான் போற," என்றார் தணிந்த குரலில்.

சின்னப் பிள்ளைகளின் வாங்குப் பலகைகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரயில்வேயில் பென்ஷன் வாங்கிய நல்லையாதான் நடத்தினார். அங்கே பிரசங்கம் கிடையாது. அவரவர் கதையை அவரவர் சொல்ல, மற்றவர்கள் கேட்டார்கள். தன் முறை வந்ததும் ராசையா மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டிய மஞ்சள் காப்புக் கயிறு அதில் இருந்தது. காப்புக் கட்டியவன் குடிக்கமாட்டான். அதை அறுக்கிற அன்றைக்கே வரிசை வீட்டு லயத்து ஆண்கள் பாதிப்பேர் கடைசி வீட்டில் கசிப்புக் காய்ச்சும் அழகமுத்துவிடம் போய்விடுவார்கள். போன வருஷம் ராசையாவைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அதனால் இந்த வருஷம் திருவிழா முடிந்தும் அவன் காப்பை அறுக்கவில்லை.

"இது கையில இருக்கிற வரைக்கும் தொட மாட்டேன்," என்றான் பெருமையாக.

கயிறு இல்லாமல் ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு வந்து சொல்லும்படி நல்லையா கேட்டுக்கொண்டார். ராசையாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடுத்தடுத்த ஞாயிறுகளில் போகத்தான் செய்தான்.

காப்பை அறுக்காமல் வைத்திருப்பது தோட்டத்தில் விளையாட்டுக் காரியமில்லை. வந்த தெய்வத்தை வழியனுப்பாமல் வாசலில் நிறுத்திவைப்பதற்குச் சமம் அது. மகள் மாரியாயிக்கு அம்மை முத்துப் போட்டபோது லயமே அவன் கையைப் பார்த்தது. அவன் மனைவி கமலாட்சி அழுதுகொண்டே பூசாரியைக் கூட்டிவந்தாள். அன்றே காப்பை அறுத்தார்கள்.

அன்று சாயந்தரம் அழகமுத்து வந்து வாசலுக்கு வெளியே நின்று பிள்ளையை அன்பாக விசாரித்தான். "எப்ப தலைக்குத் தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டான். தண்ணீர் ஊற்றுமுன் அம்மை போட்ட வீட்டு ஆம்பிளை குடித்தால் குடும்பமே விளங்காது என்பது அவனுக்கும் தெரியும். பொறுமையான வியாபாரி, அவசரப்படவில்லை.

ராசையாவுக்கோ நிம்மதியாக இருந்தது. வேப்பிலை செருகிய வாசல், கையில் இருந்த கயிற்றைவிடக் கெட்டியாக அவனைக் காத்தது. அம்மை வீட்டுக்காரர் வெளியே சுற்றக்கூடாது என்று கூட்டத்துக்கும் போகாமல் இருந்தான், அதற்காக வருத்தப்படவும் இல்லை. பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறினான். இப்படி ஒரு தகப்பனா என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

முத்து காய்ந்து உதிரத் தொடங்கியது. பிள்ளை அரிப்புத் தாங்காமல் குளிக்கவேண்டும் என்று அழுதாள். மறுநாள் தண்ணீர் ஊற்றலாமா என்று கமலாட்சி கேட்டதற்கு, நாள் சரியில்லை என்றான். பிறகு கேட்டபோது பொருக்கு முழுக்க விழட்டும் என்றான். அதற்குப்பின் அவள் கேட்கவே இல்லை. ஒரு ஞாயிறு காலையில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வாசலில் வெயிலில் வைத்துவிட்டாள்.

ராசையா வெளியே வந்தான், பார்த்தான், அண்டாவைக் காலால் எத்திக் கவிழ்த்தான். மஞ்சள் தண்ணீர் வாசலெல்லாம் ஓடி வடிகால் கானில் இறங்கியது. கடைசி வீட்டு வாசலில் நின்றபடி அழகமுத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

குடித்துவிட்டு அடித்த காலத்தில்கூடக் கமலாட்சி தன் புருஷனை அப்படிப் பார்த்ததில்லை. பிள்ளையை இழுத்துத் தன் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"இவளுக்கு நல்லாகக் கூடாதுன்னு நெனைக்கிறீங்களா?" என்றாள் மெதுவாக.

அவள் கேட்ட பிறகுதான் அது உண்மை என்று அவனுக்கே தெரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, அழகமுத்து கூப்பிட்டதற்குத் திரும்பாமல், மலையிறங்கி உக்குவளைக்கு நடந்தான்.

கூட்டத்தில் அவன் முறை வரும்வரை காத்திருக்கவில்லை.

"எம்புள்ளைக்கு அம்மை எறங்கக் கூடாதுன்னு இருந்தேன்," என்றான். "அவ படுத்துக் கிடந்தா நான் குடிக்க மாட்டேன்னு."

அம்மை என்றதும் இரண்டு பேர் வாங்கின் ஓரத்துக்கு நகர்ந்தார்கள். மஹ்ரூப் மட்டும் அசையவில்லை. பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள் என்று நல்லையா கேட்டார். கமலாட்சி வேறு தண்ணீர் வைத்து இந்நேரம் ஊற்றியிருப்பாள், வேப்பிலையையும் எடுத்திருப்பாள் என்றான் ராசையா.

கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். ராசையா எழவில்லை. எல்கடுவ பஸ் போய்விடும் என்று மஹ்ரூப் நினைவுபடுத்தினார்.

"அது எங்க லயத்துக்குத்தான் போகுது," என்றான் ராசையா. "புள்ளைக்கு நல்லாயிருச்சு, மஹ்ரூப் நானா. எனக்குப் பயமாயிருக்கு."