நாய் எங்கே படுக்கும்?

வீடு கேட்கப் போகிற இடத்தில் வாயைத் திறந்ததுமே நாயைப் பற்றிச் சொல்லாதீர்கள் என்று எலேனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே. நாற்காலியில் உட்காரக்கூட மாட்டாள். "வணக்கம். என்னிடம் ஒரு நாய் இருக்கிறது" என்பாள். பாரிசில் புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவள், செய்தி வாசிப்பவர் மாதிரி அட்சரம் பிசகாமல் பேசுவாள். அந்தத் தமிழைக் கேட்டதும் வீட்டுக்காரர்களுக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்து வரும். நாய் என்ற சொல் காதில் விழுந்ததும் இரண்டும் போய்விடும்.

சுனாமிக்குப் பிறகு மீனவர்களுக்கு வீடு கட்டித்தரக் காரைக்காலுக்கு வந்த ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் நான் கணக்கு எழுதுகிறேன். எலேன் அங்கே என்ஜினீயர். இத்தனை நாள் ஆபீஸ் கெஸ்ட் ஹவுசில் இருந்தாள். அதைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஐப்பசி முடிவதற்குள் வேறு இடம் பார்த்தாக வேண்டும். "நாயை யார்கிட்டயாவது குடுத்துடுங்க, நாளைக்கே வீடு கிடைக்கும்" என்று மேலதிகாரியே சொல்லிப் பார்த்தார். "நாயைக் கொடுக்க மாட்டேன். வீடு கிடைக்காவிட்டால் என் நாட்டுக்குத் திரும்பிவிடுவேன்" என்று அவரிடமும் அட்சரம் பிசகாமல் சொல்லிவிட்டாள். கிளிஞ்சல்மேட்டில் அவள் எழுப்பிய சுவர்கள் கூரைக்குக் காத்துக்கொண்டு நின்றன. ஊருக்கெல்லாம் கூரை போட வந்தவளுக்கு ஒண்டிக்கொள்ள ஓர் இடம் இல்லை. எனக்கு அவளை அனுப்ப மனசில்லை. ஆபீசில் என்னை மலர்க்கொடி என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

நாயின் பெயர் கஸ்தோன். பிரான்சிலிருந்து விமானத்தில் வந்தது. அதற்குத் தனியாகப் பாஸ்போர்ட் உண்டு, எனக்கு இன்றுவரை கிடையாது. பதினாலு வயதுக் கிழம். காது மந்தம், கண்ணில் பூ விழுந்திருக்கிறது. குரைத்து நான் கேட்டதில்லை. பக்கத்தில் எலேன் இல்லையென்றால் நடுங்க ஆரம்பித்துவிடும்.

முதலில் காமராஜர் சாலைப் பக்கம் வைத்தியலிங்கம் சார் வீட்டுக்குப் போனோம். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர்.

"நாய்தானே, இருக்கட்டும்மா. வீட்டுக்குக் காவல்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"நாய் எங்க படுக்கும்?"

வாசலில் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் எலேன் முந்திக்கொண்டாள்.

"கட்டிலில். என்னுடன்."

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்ல கேட்டுச் சொல்றேம்மா" என்றார்.

எங்கள் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வீடு தேடி வந்தவரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது அழகில்லை. அதனால் கேட்டுச் சொல்கிறோம் என்போம். எலேனுக்கு அது தெரியவில்லை. செல்போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கை கழுவப் போனால்கூட எடுத்துக்கொண்டு போனாள். "அவர் இன்னும் மனைவியிடம் கேட்கவில்லை போலும்" என்றாள். சாரின் மனைவி காலமாகி வருஷக்கணக்காகிறது என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

அடுத்தடுத்துப் போன வீடுகளிலும் அதே கேள்வி, அதே பதில், அதே கேட்டுச் சொல்கிறோம். கமர் நிஷா அம்மா வீட்டில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. டீயும் சமோசாவும் கொடுத்துவிட்டு, எலேனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்.

"மனசுல வச்சுக்காதீங்கம்மா. நாங்க தொழுவுற வூடு. நாய் இருக்குற வூட்டுக்குள்ள மலக்குமாருங்க வர மாட்டாங்க. அதான் முடியாதுங்கிறேன்."

மலக்குமார் என்றால் வானவர்கள், தேவதூதர்கள் என்று வழியில் விளக்கினேன். எலேன் தலையாட்டினாள். "இந்த ஊரில் அவர் ஒருவர்தான் எனக்குப் பதில் சொன்னார்" என்றாள்.

அன்று மழை பிடித்துக்கொண்டது. ஸ்கூட்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு மருந்துக்கடை வாசலில் ஒதுங்கினோம். முதுகு விட்டுப்போயிருந்தது எனக்கு. எலேன் செல்போனை நனையாமல் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"மலர்க்கொடி, கேட்டுச் சொல்கிறோம் என்றால் இல்லை என்று பொருளா?"

"ஆமா மேடம்."

"ஏன் முன்பே சொல்லவில்லை?"

"நீங்க கஷ்டப்படுவீங்கன்னுதான்."

"காத்திருப்பதுதான் கஷ்டம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த வேகத்தில்தான் வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். கோவில்பத்தில் என் பெரியம்மா வீட்டு மாடி காலியாக இருந்தது. சொந்தத்தில் வீடு கேட்கக் கூடாது என்று வைத்திருந்த வைராக்கியத்தை அந்த மருந்துக்கடை வாசலிலேயே விட்டுவிட்டு, வண்டியை நேரே அங்கே விட்டேன்.

பெரியம்மா பெயர் மங்கையர்க்கரசி. பெயருக்கேற்ற மாதிரி அந்த வீட்டில் அவள் ஆட்சிதான். அவள் பேசும்போது சோமசேகரன் பெரியப்பா பேப்பர் படிப்பார். பேப்பர் தீர்ந்துவிட்டால் திருப்பிப் படிப்பார். நாங்கள் நனைந்த கோழிகளாக நின்றோம். எலேன் வழக்கம்போல் நாயில் ஆரம்பித்தாள். பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தங்கச்சி மவ அழைச்சிட்டு வந்துருக்கா, மாட்டேன்னு சொல்ல வாய் வரல. தங்கு. ஆனா நாய் வூட்டுக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது. மாடியும் வூடுதான். வெள்ளிக்கெழமை வெளக்கேத்துற எடம். போர்டிகோவுல கெடக்கட்டும். சம்மதமா?"

எலேன் திரும்பிப் போர்டிகோவின் தரையைப் பார்த்தாள். பிறகு, "சரி. நாய் வீட்டுக்குள் வராது. வாக்குக் கொடுக்கிறேன்" என்றாள்.

அப்பாடா, இவளும் நம் ஊர்க்காரியாகிவிட்டாள் என்று நினைத்தேன். கீழே விளக்கணைந்ததும் சத்தமில்லாமல் நாயை மாடிக்கு ஏற்றிக்கொள்வாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். பெரியம்மாவும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பாள். எங்களுக்கு நிபந்தனை என்பது, அதை மீறும்போது பிடித்துச் சத்தம் போட ஒரு பிடி. அவ்வளவுதான்.

புதன்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சிக் குடியேறினாள். சனிக்கிழமை காலையில் பெரியம்மாவிடமிருந்து போன். "ஒடனே கெளம்பி வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நாய் யாரையோ கடித்துவிட்டது என்றே நினைத்தேன். தலையைக்கூட வாராமல் ஓடினேன்.

கேட்டுக்கு வெளியே பால்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுப் பூங்கொடி வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்டிகோவில், பெரியப்பாவின் வண்டியிலிருந்து ஜன்னல் கம்பிவரை ஒரு கொசுவலை கட்டியிருந்தது. அதற்குள் பாயில் எலேன் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைக்கு ஆபீஸ் பை. வயிற்றில் நாயின் தலை. வலைக்கு வெளியே நீட்டியிருந்த கால்கள் சாரலில் நனைந்து, கொசுக்கடியில் தடித்துப்போயிருந்தன.

பெரியம்மா கையில் வாளியோடு நின்றாள். "வந்த நாள்லேர்ந்து இங்கதான் படுத்துருக்காளாம்டி, பால்காரர் சொல்றாரு. விடியறதுக்குள்ள எழுந்து பாயச் சுருட்டிடுவாளாம். இன்னிக்கு அசந்துட்டா. பூங்கொடி கேக்குறா, என்னக்கா, வாடகைக்கு வந்த பொண்ண வாசல்ல படுக்க வச்சிருக்கீங்கன்னு. நான் எங்க கொண்டு போயி மூஞ்சிய வச்சுக்குறது?"

பேச்சுச் சத்தத்தில் எலேன் எழுந்துவிட்டாள். "மன்னிக்க வேண்டும். இன்று எழத் தாமதமாகிவிட்டது."

"நாயத்தான வெளில போடச் சொன்னேன். ஒன்ன யாரு வெளில படுக்கச் சொன்னா?"

"அவன் தனியாக உறங்க மாட்டான், அம்மா. நான் வாக்குக் கொடுத்தேன். நாய் உள்ளே வரவில்லை."

வாக்கை மீறியவர்களைத் திட்டப் பெரியம்மாவிடம் ஆயிரம் வார்த்தை உண்டு. காப்பாற்றியவளைத் திட்ட ஒன்றுகூட இல்லை. வாளியைக் கீழே வைத்தாள். அந்தக் கால்களையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"நான் அந்தப் பக்கம் திரும்பிக் கோலம் போடுறேன். அதுக்குள்ள அத மாடிக்கு அழைச்சிட்டுப் போயிடு. நான் எதையும் பாக்கல."

எங்கள் ஊரில் இதற்குமேல் ஒரு சம்மதம் கிடையாது. எழுந்திருங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். எலேன் அசையவில்லை.

"நீங்கள் பார்க்காதபோது என்றால் என்னால் முடியாது. நாய் உள்ளே வரலாமா, கூடாதா? ஒரு சொல்லில் சொல்லுங்கள். கூடாது என்றாலும் சரி, நான் போய்விடுகிறேன். மிகவும் களைத்துவிட்டேன்." கோபமே இல்லை அந்தக் குரலில்.

பெரியம்மா என்னைப் பார்த்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலாம்" என்றாள் பெரியம்மா. தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு முறையும் சொன்னாள். "வரலாம்டி. போதுமா?"

"வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று பிறகு சொல்ல மாட்டீர்களே?"

"யாரக் கேக்கணும்? நான்தான் சொல்றேன்ல."

எலேன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் நாயைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். சரியாகத் தூங்காத உடம்பு, பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள். நான் போவதற்குள் பெரியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, நாயின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். "குளிச்சாதான் சமையக்கட்டுக்கே போவ முடியும் இனிமே" என்று முனகிக்கொண்டே மேலே வரைக்கும் போனாள். நான் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அறைக்குள் போனதும் பெரியம்மா மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"நாய் எங்க படுக்கும்?"

எலேன் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கட்டிலில்" என்றாள்.

"அப்ப செவுத்துப் பக்கமாப் போடு. கெழம், உருண்டு கீழ வுழுந்துடப் போவுது" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா குளிக்கப் போனாள்.