ரவைக் கேக்கும் எட்டாவது வரியும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஸும்றா என்பவள் நான்தான்.

ஒரு வாரப் பத்திரிகையின் மகளிர் பக்கத்தில் ‘ஸும்றாவின் அடுப்படி’ என்று சின்னப் பெட்டி ஒன்று வரும். ஐந்து வருடமாக அதை எழுதுபவன் கற்பிட்டிப் பக்கம் எத்தாளையிலிருக்கும் உசனார், வயது ஐம்பத்தெட்டு. எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றத் தெரியும். முட்டை பொரித்தால் பாதி சட்டியோடு போய்விடும். கதை அனுப்பினேன், இடமில்லை என்றார்கள். சமையல் குறிப்பென்றால் போடலாம் என்றார்கள். இணையத்தில் பார்த்துத் தமிழில் எழுதுகிறேன். ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

பெட்டிக்கு ஏழு வரி. எட்டாவது வந்தால் வெட்டவேண்டும்.

2

முதல் ஆரம்பம்: ‘கற்பிட்டிக் கோட்டையின் மேல் காலை வெயில்...’ வேண்டாம். கோட்டைக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இரண்டாவது ஆரம்பம்: ‘பக்கத்து வீட்டு மர்ளியாவின் மகன் ஸப்ரான் ஒரு குற்றமும் செய்யாமல்...’

இதையும் நிறுத்திவிட்டேன். ஸப்ரான் கூலிக்குப் படகில் போனவன். படகிலிருந்த மூட்டைக்குள் ஐஸ் போதைப்பொருள் இருந்தது. ஐந்து வருடம் தீர்ப்பாயிற்று. குற்றமற்றவன் என்று எழுதினால் நீங்கள் சுகமாக அழுதுவிட்டுப் போவீர்கள். குற்றவாளி என்றால், இவனுக்கெல்லாம் எதற்குக் கேக் என்பீர்கள். தெரிந்துதான் ஏற்றினானா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மர்ளியா அதை அவனிடம் கேட்டதே இல்லை. அவனுக்கு ரவைக் கேக் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

3

அந்தச் சிறையில் வீட்டுச் சாப்பாடு பெருநாளைக்கு மட்டும்தான். தகரத் தட்டு உள்ளே போகாது. ஆகவே கேக்கை வீட்டிலேயே தட்டிலிருந்து கழற்றி, துண்டு போட்டுக் கொண்டுபோகவேண்டும்.

நோன்புப் பெருநாளன்று மர்ளியாவின் கேக் தட்டில் ஒட்டிக்கொண்டது. கரண்டியால் சுரண்டி எடுத்ததைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். எனக்குச் சிங்களம் ஓடும் என்பதால் துணைக்குப் போயிருந்தேன். வாசலில் நின்ற காவலர் பையைப் பார்த்துத் தலையாட்டினார்.

“உடைஞ்சது எடுக்க ஏலாது அம்மே. இதுக்குள்ள என்ன கலந்திருக்கெண்டு நாங்க எப்பிடிப் பாக்கிற?”

மகனைப் பத்து நிமிடம் பார்த்தாள், வெறுங்கையோடு. என்னை அவள் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள். திரும்பும் பஸ்ஸில் சொன்னாள்: “அடி புடிச்சது என்ட பிழைதான் நானா. ஹஜ்ஜுக்கு முழுசா எடுப்பேன், இன்ஷா அல்லாஹ்.”

அந்த வாரமே ‘கேக் தட்டில் ஒட்டாமலிருக்க’ என்று எழுதினேன். அவளுக்காகவே எழுதினேன். (நல்ல மனதோடு செய்தேன் என்று காட்டிக்கொள்ளத்தான் இதை இங்கே செருகியிருக்கிறேன். நம்பவேண்டாம்.)

4

ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் டப்பாவைத் திறந்து காட்டினாள்.

“பாருங்க நானா, ஒரு பொட்டுக்கூட ஒட்டல்ல. அந்த ஸும்றாத் தங்கச்சிக்கு அல்லாஹ் பறக்கத் செய்யணும்.”

ஓரம் சிதையாத சதுரத் துண்டுகள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, உண்மை. துண்டைத் திருப்பிப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. காவலருக்குத் தோன்றியது. அடிப்பக்கம் முழுக்க வேகாத மா, நகக்கனத்துக்கு. மேசையிலும் உதிர்ந்தது.

“மே மொனவத அம்மே? என்ன இது, வெள்ளையா?”

“கோதும மா சேர். ஒட்டாம இருக்கப் போட்டது.”

“அதுக்கு இவ்வளவா?”

மர்ளியா கைப்பையிலிருந்து மடித்து வைத்த பத்திரிகைத் துண்டை எடுத்தாள். “நானா, இதைச் சிங்களத்தில வாசிச்சுக் காட்டுங்க.”

என் ஏழு வரியையும் நானே வாசித்தேன். மாஜரின் பூசவும், தகரம் தெரியாதபடி மா தூவவும், மற்றதும். காவலர் பொறுமையாகக் கேட்டார். “எங்கட வீட்டில மிச்ச மாவைத் தட்டி விடுவாங்க. அது இதில இல்லையே” என்றார்.

அது இருந்தது.*

நான்தான் எழுதியவன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். மர்ளியா பக்கத்தில் நின்றாள். வெட்கத்தோடு பத்திரிகைத் துண்டை மடித்து அவளிடமே கொடுத்தேன்.

கேக்கைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அன்று அவளை உள்ளே விடவில்லை. அது வெறும் மா என்று முடிவு வர மூன்று கிழமை. அதற்குள் ஸப்ரானை உடுப்பைக் கழற்றிச் சோதித்து, தனியே அடைத்து, யார் அனுப்பச் சொன்னது என்று கேட்டிருக்கிறார்கள். பிறகு அவன் உள்ளேயிருந்து ஒருதரம் உம்மாவுக்குப் போன் எடுத்தான்.

“உம்மா, இனி வராதீங்க. ஒண்டும் கொண்டு வராதீங்க.”

அவள் பேச வாயெடுக்குமுன் வைத்துவிட்டான்.

* எட்டாவது வரி: ‘தட்டைக் கவிழ்த்து, மிகுதி மாவைத் தட்டிவிடவும்.’ இடம் போதாமல் வெட்டினேன். ஏழாவது வரி ‘அன்புடன், உங்கள் ஸும்றா’. அதை வெட்டியிருக்கலாம்.

5

முடிவு ஒன்று: ஸப்ரானின் மனம் இளகுகிறது. (இளகவில்லை.)

முடிவு இரண்டு: நான் மர்ளியாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் அழுகிறாள், பிறகு...

போனேன். தேத்தண்ணீர் தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

6

போன கிழமை பத்திரிகையிலிருந்து ஒரு கடிதத்தை எனக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மர்ளியாவின் கையெழுத்து.

‘அன்பின் ஸும்றாத் தங்கச்சிக்கு, நீங்கள் சொன்னபடி செய்தேன். கேக் ஒட்டவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அடியில் மா நின்றுவிட்டது. அது என் பிழை, உங்களைக் குறை சொல்லவில்லை. மா போடாமல் முழுசாக எடுக்க வழி உண்டா? மகன் கோபமாக இருக்கிறான். அடுத்த நோன்புப் பெருநாளைக்கு முன் சொன்னால் போதும்.’

வழி உண்டு. ஒயில் பேப்பரைத் தட்டின் அளவுக்கு வெட்டவேண்டும். இரண்டு ஓரமும் வெளியே தொங்க விரிக்கவேண்டும். மெல்லிதாக மாஜரின் பூசவேண்டும். கலவையை ஊற்றி வேகவைக்கவேண்டும். பத்து நிமிடம் ஆறவிடவேண்டும். ஓரங்களைப் பிடித்துத் தூக்கவேண்டும். பேப்பரை மெதுவாக உரிக்கவேண்டும். ஏழு வரி. ஒன்று குறைந்தாலும் கேக் உடையும். கையெழுத்துக்கு இடமில்லை, அது போகட்டும்.

எட்டாவது வரி இது: ‘அந்த மா உங்கள் பிழை இல்லை, மர்ளியா, ஸும்றா என்று ஒருத்தி இல்லை, எழுதியது உசனார்.’

வியாழக்கிழமை பக்கத்தை முடிக்கிறார்கள். திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன், எட்டுத்தான் வருகிறது. எதை வெட்டுவது என்று வாசிக்கிற நீங்கள் சொல்லுங்கள். என்னிடம் விட்டால் எதை வெட்டுவேன் என்று எனக்குத் தெரியும்.