மூடி போட்ட நாற்பது படங்கள்

1

இந்தக் கதையில் என் கற்பனைக்குத் துளிப் பங்கும் இல்லை. முழுக்க என் தங்கையின் புலம்பல். "அண்ணா, நாலு நாளா அவர் என்கூடப் பேசல. நீ எழுதுறவன்தானே, இதை எழுது. ஆனா தப்பு அவர் மேலன்னு முடிக்கணும்."

முடிவை முதலிலேயே கையில் கொடுத்துவிட்டாள். கதை உருப்பட்ட மாதிரிதான்.

2

'எல்லையற்ற வானத்தின் கீழே, தன்னந்தனியாக ஒரு...'

(வேண்டாம். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். எல்லையற்றது என்றால், மொத்தம் எத்தனை மாடி என்று கேட்பார்.)

'பதினொரு இரவுகள் மொட்டைமாடிக் குளிரில் நின்று, ஒரே நட்சத்திரக் கூட்டத்தை அவர் படமெடுத்தார். கடைசி இரவு லென்ஸுக்கு மூடி போட்டு நாற்பது படம் எடுத்தார்.'

இங்கேதான் நீங்கள் என்னை அடிக்க வருவீர்கள். பொறுங்கள். கேமராவுக்குள்ளேயே பொய்ப் புள்ளிகள் முளைக்குமாம். மூடி போட்டு எடுத்தால் அந்தப் பொய் மட்டும் பதியும். பிறகு கம்ப்யூட்டரில் அதை நிஜப் படத்திலிருந்து கழித்துவிடலாம். அந்த நாற்பதும் இல்லாவிட்டால் பதினொரு இரவும் பாழ். (எனக்கே மூன்று முறை சொன்ன பிறகுதான் புரிந்தது.)

3

மகளின் நீச்சல் போட்டியைப் பதிவு செய்ய, தங்கை அதே மெமரி கார்டை எடுத்தாள். "எல்லாம் ஒரே கருப்பு, அண்ணா. மனுஷன் மூடியைத் திறக்க மறந்துட்டாரு, பார்த்தா மனசு ஒடிஞ்சிடுவாருன்னு அழிச்சிட்டேன்."

பாவம் பார்த்துச் செய்த காரியம். இதில் யாரை வில்லனாக்குவது? மாப்பிள்ளையையாவது ஒரு தட்டைப் போட்டு உடைக்க வைக்கலாம் என்று பார்த்தேன். விஷயம் தெரிந்ததும் அவர் "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாராம். இவரை வைத்துக் கதை எழுதுவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

4

முடிவு அ: அவள் மன்னிப்புக் கேட்கிறாள். (படித்துவிட்டுக் கோடு போட்டு அடித்துவிட்டாள்.)

முடிவு ஆ: அவர் அவள் கையைப் பிடித்து, 'நாற்பது படம் போனால் என்ன, நீ...' (சீ.)

எரிச்சலில் இன்று காலை அவளையே கூப்பிட்டேன். கிசுகிசுத்தாள்.

"கேமரா ஃப்ரிட்ஜுல இருக்கு."

"என்னது?"

"அந்தக் கருப்புப் படத்தை அன்னிக்கு ராத்திரி இருந்த குளிர்லயே மறுபடி எடுக்கணுமாம். அவரோட புத்தகத்துல படிச்சேன். தக்காளியெல்லாம் எடுத்துட்டு ஒரு அடுக்கைக் காலி பண்ணினேன். அவர் பார்த்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் மூடியைப் போட்டு உள்ளே வச்சிட்டாரு. அது தானா நாப்பது எடுத்துக்கும்."

"பேசிட்டீங்களா?"

"இல்ல. எண்பது நிமிஷம் கதவைத் திறக்கக் கூடாது. பாலும் உள்ள மாட்டிக்கிச்சு. டீ இல்லாம ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கோம். வை ஃபோனை."

5

மூன்று நாள் உயிரைக் கொடுத்து எழுதிய முடிவுகள் எல்லாம் குப்பைக்கு. தப்பு யார் மேல் என்று அவள் இப்போது கேட்கவே இல்லை. சொல்வதற்கென்ன, எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஃப்ரிட்ஜைத் திறக்க இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. யார் முதலில் பேசுவார், என்ன பேசுவார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், என்னை விடுங்கள். ஆனால் நல்ல முடிவு வேண்டும் என்ற அவசரத்தில் அந்தக் கதவை மட்டும் திறந்துவிடாதீர்கள். மறுபடி முதலிலிருந்து என்றால், அவள் எனக்குத்தான் ஃபோன் செய்வாள்.