தகடு வைத்த சக்கரம்

ஜாக்கியில் நின்ற பிக்கப்பின் முன் சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து மெக்கானிக் சின்னப்பன் ஆட்டினார். டக், டக் என்றது. மூன்று வாரமாக அன்பு அந்தச் சத்தத்தை ஸ்டியரிங் வழியாக உள்ளங்கையில் உணர்ந்துவந்தான். நாற்பதைத் தாண்டினால் வண்டி உதறும்.

"கிங்பின் பூடுச்சுப்பா. இத்தயா ஓட்டிகினு இருந்த?"

பின்னைச் சுத்தியலால் தட்டி இறக்க ஒரு மணி நேரம் ஆனது. சின்னப்பன் கிரீஸைத் துடைத்து அதை அன்புவின் கையில் வைத்தார். கட்டைவிரல் தடிமன் இரும்பு. சக்கரம் இடமும் வலமும் திரும்புவது அதைப் பிடித்துத்தான். ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. அது உட்காரும் புஷ் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது.

"ஒடஞ்சா இன்னா ஆவும்ணா?"

"சக்கரம் மடங்கிக்கும். அப்பால ஸ்டியரிங்க சுத்தி இன்னா பிரயோஜனம்?"

ஒரு மணிக்கு முடிச்சூரில் பதினாலு பெண்கள் நிற்பார்கள். கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடுகளைக் கூட்டித் துடைப்பவர்கள். அவர்களில் அன்புவின் மனைவி ரோஸியும் ஒருத்தி. கேபினுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பக்கக் கண்ணாடியில் அவள் விரல்கள் மட்டும் தெரியும்.

வண்டி முதலாளி ஜெயவேலுவை அவர் மகன் பைக்கில் இறக்கிவிட்டுப் போனான். துப்புரவு கான்ட்ராக்டும் அவருடையதுதான்.

"லேத்துக்குப் போய்ப் புது புஷ் போட்டாத்தான் சார். நாளைக்கு சாயங்காலம் ஆவும்" என்றார் சின்னப்பன்.

"ஒரு மணிக்கு ஆளுங்க போகணும். அன்னிக்குத் தகடு வெச்சுக் குடுத்தியே?"

"அது காலி வண்டி சார். லேத்து வரைக்கும் உருட்டிகினு போறதுக்கு வெச்சது."

ஜெயவேலு பின்னை வாங்கித் தடவினார். பள்ளத்தில் அவர் நகம் நின்றது. "எவ்ளோ தூரம் தாங்கும்?"

"திருநீர்மலைப் பெருமாளத்தான் கேக்கணும். நான் வெறும் மெக்கானிக்கு."

அன்பு ஒரு அடி முன்னால் வந்தான். "சார், இன்னிக்கு ஒருநாள் வேற வண்டி பாக்கலாமே. எனக்கு ஒரு மாதிரி கீது."

"பயமா இருந்தா சாவியக் குடு. வெற்றிவேல் சும்மாதான் இருக்கான்."

வெற்றிவேல் காதில் போனை வைத்துக்கொண்டே எழுபதில் போவான். இந்தப் பின்னை அவன் பார்க்கவும் இல்லை. அன்பு சட்டைப்பையில் இருந்த சாவியைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"நானே ஓட்றேன் சார்."

சின்னப்பன் காலியான கூல்டிரிங்ஸ் டின்னைக் கத்தரியால் வெட்டினார். ஆரஞ்சுப் படம் போட்ட தகட்டைப் பின்னைச் சுற்றி வளைத்து உள்ளே அடித்து இறக்கினார். மறுபடி சக்கரத்தை ஆட்டினார். சத்தம் இல்லை.

"பரவாயில்லையே" என்றார் ஜெயவேலு.

சின்னப்பன் அன்புவின் பக்கம் திரும்பினார். "அதான்டா பேஜாரு. தேய்மானம் அப்பிடியே கீது. தகடு சத்தத்த மறைச்சிகினு கீது. முப்பதுக்கு மேல போவாத. டக்குனு கேட்டா ஓரங்கட்டி எல்லாரையும் எறக்கிடு."

ஜெயவேலுவுக்கும் கேளம்பாக்கத்தில் வேலை இருந்தது. அன்பு இடது கதவைத் திறந்தான். "வாங்க சார், நம்ம வண்டிலயே போயிடலாம்."

அவர் ஒரு கால் எடுத்து வைத்தார். சக்கரத்தைப் பார்த்தார். காலை எடுத்துக்கொண்டார். "இல்லப்பா, நீ போ. நான் ஆட்டோல வந்துடறேன்."

முடிச்சூரில் பெண்கள் சாப்பாட்டுக் கூடைகளோடு ஏறினார்கள். செல்லம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஏறினாள். "இன்னாடா மாப்ள, வண்டிக்கு வைத்தியம் பாத்துட்டியாமே? என் முட்டிக்கும் அதே மெக்கானிக்க பாரேன்." எல்லோரும் சிரித்தார்கள்.

ரோஸி ஜன்னலில் குனிந்தாள். "இன்னாய்யா, இப்பிடி வேத்திருக்கு?"

"கம்பிய ரெண்டு கையால புடிச்சுக்கோ."

வண்டலூர் தாண்டிக் கேளம்பாக்கம் சாலையில் முப்பதில் போனான். லாரிகள் ஹாரன் அடித்தபடி கடந்தன. அன்பு ரேடியோவை அணைத்திருந்தான், ஜன்னல் கண்ணாடியை இறக்கியிருந்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் மூச்சை நிறுத்திக் கேட்டான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதபோதுதான் தலையை ஜன்னல் பக்கம் சாய்த்து இன்னும் கூர்ந்து கேட்டான். பக்கக் கண்ணாடியில் ரோஸியின் இரண்டு கை விரல்களும் தெரிந்தன.

ஒரு ஆட்டோ அவனைக் கடந்து போனது. பின் சீட்டிலிருந்து ஜெயவேலு எட்டிப் பார்த்தார். இடது கையை வெளியே நீட்டி, வலது விரலால் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.