கையில் கொடுத்த கத்தி

பத்மாவதி வெளியே கிளம்பினால் குடையை மறப்பாள், பர்ஸை மறப்பாள், ஒரு தடவை கட்டின புருஷனையே பேரூரில் மறந்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். கத்தியை மட்டும் மறந்ததே கிடையாது. கோட்டைமேட்டில் ரசாக் பாய் கடையில் வாங்கிய மடக்குக் கத்தி. எருமைக் கொம்புப் பிடி. மடக்கி வைத்தாலே உள்ளங்கையில் அடங்காது, விரித்தால் அலகு மட்டும் ஒரு சாண் இருக்கும். வீட்டில் இருந்தால் இடுப்பில், வெளியே போனால் ஒயர் கூடையில்.

சூலூர்ப் பக்கம் அவளுக்குத் தென்னந்தோப்பும் உண்டு, தறிக்கூடமும் உண்டு. நூல் மூட்டையைப் பிரிக்க, இளநீர் சீவ, அவிழாத முடிச்சை அறுக்க என்று விடிந்தால் அந்தக் கத்திக்கு வேலைதான். கழுத்துக் கயிறு இறுகி நாக்குத் தள்ளிக் கிடந்த கன்றுக்குட்டியை ஒருமுறை அதை வைத்துத்தான் பிழைக்க வைத்தாள். தறிக்காரர்கள் கேட்டால் இரவல் கொடுப்பாள், ஆனால் கையில் கொடுக்க மாட்டாள். கீழே வைப்பாள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தியைக் கைக்குக் கை மாற்றினால் இரண்டு பேருக்கும் சண்டை வருமாம். சாஸ்திரம் சம்பிரதாயம் என்று எதையும் கண்டுகொள்ளாத மனுஷி, இந்த ஒன்றில் மட்டும் கறார்.

அவள் புருஷன் பாலகோபாலுக்கு அந்தக் கத்தியைக் கண்டாலே ஆகாது. ஒரு குடும்பத்துப் பொம்பளை, கசாப்புக் கடைக்குப் போகிற மாதிரி இதைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று புலம்புவார். நினைக்கிறவர்களுக்குத்தான் இளநீர் சீவித் தருகிறேனே என்பாள் அவள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் தை மாதம் அவர்கள் மகள் ரேணுகாவுக்கு ஒரு வரன் வந்தது. அதற்கு முன்னால் வந்த போட்டோக்களை எல்லாம் அந்தப் பெண் மூக்கைச் சுளித்துத் திருப்பி அனுப்பியிருந்தாள். இந்தப் பையன் கிரிதரன், திருப்பூர் பனியன் கம்பெனியில் மேனேஜர். அவன் போட்டோவை மட்டும் வாங்கியவள் திருப்பித் தரவே இல்லை. கேட்டால் எங்கேயோ வைத்துவிட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டாள். பெற்றவளுக்குத் தெரியாதா? இது எப்படியாவது அமையவேண்டும் என்று பத்மாவதி மனசுக்குள் தவியாய்த் தவித்தாள்.

அவிநாசி கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்திருந்தால் பையனின் அம்மா அங்கேயே பெண் தலையில் பூ வைத்துவிடுவாள். பிடிக்காவிட்டால், சொல்லி அனுப்புகிறோம் என்ற ஒரே வார்த்தை, அதோடு சரி. பையனின் அம்மா லட்சுமியம்மாள் சகுனம் பார்ப்பதில் பொல்லாதவள். பூனை குறுக்கே போனால் அன்றைக்குப் பயணமே ரத்து.

அதனால் பாலகோபால் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார், இன்றைக்கு ஒரு நாளாவது அந்தச் சனியனை வீட்டில் வைத்துவிட்டு வா என்று. அவளும் மனசாரத்தான் பீரோ மேல் வைத்தாள். ஆனால் வாசல்வரை போனவளுக்கு உடம்பில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. சாவியை மறந்துவிட்டேன் என்று உள்ளே ஓடினாள். சாவியும் வந்தது, கத்தியும் வந்தது.

கோயிலில் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. சாமி கும்பிட்டு வெளி மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், தெலுங்கும் தமிழுமாகப் பேச்சு சளசளத்தது. கிரிதரன் ரேணுகாவைப் பார்த்தான், ரேணுகா தூணைப் பார்த்தாள், இரண்டு பேர் காதும் சிவந்து கிடந்தது. லட்சுமியம்மாளே சிரித்துவிட்டுப் பூவை எடுக்கச் சொன்னாள். பையனின் மாமா வாழை இலைப் பொட்டலத்தைப் பிரிக்க உட்கார்ந்தார். ஈரநார் முடிச்சு. நகத்தால் நோண்டினார், பல்லால் கடித்தார், ம்ஹூம்.

அவிழாத முடிச்சைப் பார்த்துக்கொண்டு பத்மாவதியால் சும்மா இருக்க முடியுமா? புத்தி தடுப்பதற்குள் கை கூடைக்குள் போய்விட்டது. சடக். அலகு விரிந்தது, நார் அறுந்தது, பொட்டலம் திறந்தது.

பாலகோபால் கண்ணை மூடிக்கொண்டார்.

லட்சுமியம்மாள் எழுந்து புடவையை உதறினாள். "ரெண்டு குடும்பத்தைச் சேத்து வைக்கலாமுன்னு வந்தமுங்க. பேச்சு முடியறதுக்குள்ள அறுத்துபோட்டீங்களே அம்மிணி. சொல்லி அனுப்பறமுங்க."

அவ்வளவுதான். பூப்பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு அவர்கள் நடந்தார்கள். ரேணுகா அம்மாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பெத்த பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று பத்மாவதி தன்னையே திட்டிக்கொண்டாள். தெப்பக்குளம் வந்ததும் இந்தப் பாழாய்ப்போன கத்தியைத் தூக்கி எறிந்துவிடுவது என்று முடிவே செய்துவிட்டாள்.

கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில்தான் கிரிதரன் தன் புது மோட்டார் பைக்கை நிறுத்தியிருந்தான். பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்கக் கம்பெனிக்காரன் ஒரு கம்பித் தடுப்பு வைத்திருப்பான் இல்லையா, ஸ்டைலாக இல்லை என்று அதை இந்தத் துரை கழற்றி வைத்திருந்தார். லட்சுமியம்மாள் தைக்காற்றுக்குப் பயந்து முந்தானையைக் கழுத்தோடு ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. காற்றில் பறந்த முந்தானை நுனி சக்கரத்துக்குள் போனது.

அவள் கத்தக்கூட இல்லை, கத்துவதற்குக் குரல் வரவேண்டுமே. வண்டி சாய்ந்தது. பட்டுச்சேலை செயினில் சுருண்டு கழுத்தை இறுக்கி, அவள் தலையைச் சக்கரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. கிரிதரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமா சேலையைப் பிடித்து இழுத்தார், இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. யாரோ தேங்காய்க் கடையிலிருந்து அரிவாளோடு ஓடிவந்தார். வந்து என்ன? தொண்டையோடு ஒட்டிக் கிடக்கிற துணியில் அரிவாளை எங்கே வைப்பது?

பின்னால் வந்துகொண்டிருந்த பத்மாவதி ஒயர் கூடையை வீசிவிட்டு ஓடினாள். கத்தி மட்டும் கையில் இருந்தது. எல்லோரையும் கையை எடுக்கச் சொல்லி ஓர் அதட்டல். ஒற்றைக் கையால் விரித்தாள். அலகின் முதுகு கழுத்துப் பக்கம், கூர் வெளிப்பக்கம், அன்றைக்குக் கன்றுக்குட்டிக்குச் செய்த அதே மாதிரி. துணிக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து வெளியே ஓர் இழுப்பு. காஞ்சிபுரம் பட்டு டர்ரென்று கிழிந்தது.

லட்சுமியம்மாள் பெரிதாக மூச்சு வாங்கி இருமினாள். அந்த இருமலைக் கேட்டுப் பத்மாவதிக்கு அழுகையே வந்துவிட்டது.

கழுத்தில் சிவப்பாக ஒரு தடம். மற்றபடி ஒரு கீறல் இல்லை. பக்கத்து வீட்டு வாசல் படியில் உட்கார வைத்து, ரேணுகா ஓடிப்போய் வாங்கிவந்த சோடாவைக் குடிக்க வைத்தார்கள். கிரிதரன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து தேம்பினான். லட்சுமியம்மாள் மிஞ்சியிருந்த அரை முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு அந்தக் கத்தியைப் பார்க்கவேண்டும் என்றாள்.

பத்மாவதி மடக்கி, வழக்கப்படி அவளுக்கு முன்னால் படிமேல் வைக்கப் போனாள்.

"கீழ வெக்காதீங்க. கையில குடுங்க," என்றாள் லட்சுமியம்மாள், தொண்டை கரகரக்க. "நம்ம ரெண்டு பேருக்குள்ள இனி என்னங்க சண்டை வரப்போகுது, சம்பந்தி?"

ரேணுகா கையிலிருந்த சோடா பாட்டில் நழுவி உருண்டது. ஒருவரும் அதைச் சட்டை செய்யவில்லை.

பத்மாவதி வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கத்தியைக் கைக்குக் கை கொடுத்தாள். லட்சுமியம்மாளுக்கு விரிக்கத் தெரியவில்லை, இவள்தான் விரித்துக் காட்டினாள். பூப்பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லி, சரத்தில் தாராளமாக ஒரு முழம் அளந்து, தன் கையாலேயே நறுக்கென்று வெட்டி, ரேணுகாவை இழுத்து உட்காரவைத்துத் தலையில் வைத்துவிட்டாள். அது முடிந்ததும் மகன் பக்கம் திரும்பி, நாளைக்கே அந்தக் கம்பியை மாட்டாவிட்டால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்றாள்.

சாயங்காலம் சூலூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒயர் கூடை பாலகோபால் கையில் இருந்தது. என்றைக்கும் தூக்காதவர் அன்றைக்குத் தூக்கிக்கொண்டார். பஸ் வந்தது. படியில் ஒரு கால் வைத்தவர் என்னவோ நினைத்துக்கொண்டு இறங்கி, கூடையைத் தரையில் வைத்து உள்ளே துழாவினார்.

"ஏனுங்க, என்னத்தைத் தேடறீங்க?" என்றாள் பத்மாவதி.

"இரு அம்மிணி," என்றார் அவர். "கத்தி இருக்குதான்னு பாத்துபோட்டு ஏறிக்கலாம்."