நின்றால் ஒரு நிறம், உட்கார்ந்தால் ஒரு நிறம்

அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் வண்ணக்காதான். இருபத்தாறு வருடமாகப் புத்தகங்களுக்கு வண்ணம் சரிபார்ப்பவள். அப்படிப்பட்டவள் சரிபார்த்து அனுப்பிய குழந்தைகள் புத்தகத்தின் மாதிரித் தாள் வந்தபோது, அட்டையில் சிரித்த பாப்பாவின் கன்னம் நீலம் பாரித்துக் கிடந்தது. ஒரே மாதத்தில் இது மூன்றாவது தடவை.

"கண்ணு மங்கிப் போச்சுன்னா சொல்லிடுங்க. பைண்டிங் பக்கம் மாத்திடறேன்," என்றார் மேலாளர். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். குரலும் அந்த உயரத்திலிருந்தே இறங்கும்.

வண்ணக்காவுக்கு மானம் போனது போலிருந்தது. அன்று மாலையே கண் டாக்டரிடம் போனாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் கொட்டித் தீர்த்தாள். நாத்தனாருக்கு மானிட்டர் பழுதுபார்ப்பதுதான் பிழைப்பு.

"கண்ணு நல்லாத்தானே இருக்கு அண்ணி? அப்ப மானிட்டரைத்தான் பாக்கணும். காலைல நான் வரேன்."

சொன்னபடி அச்சகத்துக்கு வந்தாள். திரை முழுக்க வெள்ளையை நிரப்பி, பக்கத்தில் ஒரு புதுத் தாளைப் பிடித்தாள். தாளுக்குப் பக்கத்தில் திரை பழுப்பேறித் தெரிந்தது.

"பேனலுக்குப் பின்னால எரியற பேக்லைட்டுக்கு வயசாயிடுச்சு. மஞ்சளா அடிக்குது. மஞ்சள் தூக்கலா இருக்கேன்னு நீங்க நீலத்தை ஏத்தியிருக்கீங்க. அச்சுல அந்த நீலம் அப்படியே வந்து நிக்குது."

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் மசியவில்லை. "லைட் கதையை விடுங்க. எனக்கு வெளிறித் தெரியற படத்தை இவங்க அடர்த்தியா இருக்குன்னு சாதிக்கறாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

நாத்தனார் வாய் திறக்குமுன் வண்ணக்கா அட்டைப் படத்தைத் திரையில் திறந்துவிட்டு எழுந்தாள். தானும் ஒருமுறை திரையை மேலிருந்து பார்த்தாள். அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"சார், என் நாற்காலில கொஞ்சம் உக்காருங்க."

உட்கார்ந்தார். வெளிறிய படம் அவர் கண்ணெதிரே கருத்தது. எழுந்தார், வெளிறியது. மறுபடி உட்கார்ந்தார். மூன்றாம் முறை அவர் எழுந்தபோது பைண்டிங் ஆட்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள்.

"மலிவான பேனல் சார். நேரா பாத்தா ஒண்ணு, மேலேருந்து பாத்தா வேற ஒண்ணு," என்றாள் நாத்தனார்.

அந்த வாரமே, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத பேனலும் ஒரே சீரான வெளிச்சமும் கொண்ட மானிட்டர் வந்தது. நாத்தனார் அதை நிறம் அளக்கும் கருவி வைத்துச் சரிசெய்து கொடுத்தாள். வண்ணக்கா அட்டையின் வண்ணத்தை முதலிலிருந்து சரிபார்த்தாள். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் நாலாயிரம் பாப்பாக்கள் ரோஜாக் கன்னத்தோடு அடுக்கடுக்காக வந்து விழுந்தார்கள். தாளையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மேலாளர் எல்லோர் முன்னாலும் வந்து நின்றார். "உங்க கண்ணைக் குறை சொன்னது என் தப்புதான்."

"அது இருக்கட்டும் சார்," என்றாள் வண்ணக்கா. "பக்கம் வடிவமைக்கறவங்க மானிட்டரும் இதே ரகம். அதையும் மாத்திடுங்க."

அவர் அங்கேயே போனை எடுத்தார்.