மெயினை இறக்கியவள்

தீ அலாரம் அலறியது. சட்டை தைக்கும் நாலாவது மாடியில் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

காது கிழியும் சத்தத்துக்கு நடுவே தையல் மெஷின்கள் முன்னைவிட வேகமாக ஓடின. அங்கே தைத்து முடித்த உருப்படிக்குத்தான் கூலி. பாதியில் விட்டுப் போனால், திரும்பி வருவதற்குள் அது கீழே விழுந்து மிதிபட்டு டேமேஜ் கூடைக்குப் போய்விடும். இந்தக் கையை மட்டும் மூட்டிவிட்டு, இந்தப் பாக்கெட்டை மட்டும் வைத்துவிட்டு என்று ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவளும்தான். காலர் தைத்துத் தைத்து அவள் பெயரே 'காலர்' என்று ஆகியிருந்தது. காலையில் பஸ்ஸில் அக்கா சொன்னது வேறு, அலாரத்தைவிடப் பெரிதாகக் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

அக்காதான் அந்த மாடிக்கு சூப்பர்வைசர். திங்கட்கிழமை முதல் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றல். அவள் இடத்துக்கு யார் என்பதை அவளே சொல்லலாம் என்று மேனேஜர் விட்டிருந்தார். அந்த இடத்தைத் தனக்குத் தரச் சொல்லித் தங்கை ஆசையாய்க் கேட்டிருந்தாள்.

"மைக் பேரைச் சொல்லிட்டேன்" என்றாள் அக்கா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

"சத்தமாப் பேசியே மைக்னு பேர் வாங்கின அந்த அயர்ன்காரரா? தையலைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

"தையல் தைக்கறவங்களுக்குத் தெரிஞ்சா போதும். அவன் சொன்னா நாலு பேர் கேப்பாங்க. அது கூடவே பொறக்கணும்டி. எனக்கு இருந்துச்சு. ஸ்கூல்லயும் நான்தான் லீடர், வீட்டுலயும் நான்தான். நீ கடைக்குப் போனாகூட என்னைத்தானே முன்னால தள்ளுவே?"

"கத்துக்கறேன்."

"இது என்ன டைப்ரைட்டிங்கா, கிளாஸுக்குப் போய்க் கத்துக்க?"

"கத்துக்க முடியும்னு காட்டறேன், பாரு."

"காட்டு, காட்டு. ஸ்டாப் வந்துருச்சு. என் பின்னாலயே இறங்கு."

இப்போது அக்கா கீழே மேனேஜர் அறையில் இருந்தாள். மாடிக்குப் பொறுப்பு மைக். அவர் அயர்ன் மேஜைமேல் ஏறி நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"எழுந்திருங்க! எல்லாரும் வெளியே போங்க!"

அத்தனை மெஷின் இரைச்சலில் அந்தப் புகழ்பெற்ற குரல் பக்கத்து மேஜையைத் தாண்டவில்லை. பக்கத்து மேஜையில் பட்டன் அத்தை இருந்தாள்.

"சும்மா உயிரை வாங்காதேப்பா! இன்னும் ரெண்டே பட்டன்தான்."

காலர் தன் காலைப் பார்த்தாள். அதுவும் பெடலை மிதித்துக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து மெஷின் ஓடும்வரை தன் மெஷினை நிறுத்த யாருக்கு மனசு வரும்? தனக்கே வரவில்லையே! இன்னொருத்தர் வந்து இதைவிடப் பெரிதாகக் கத்தினாலும் வரப்போவதில்லை.

காலை எடுத்தாள். எழுந்து சுவர்ப் பக்கம் நடந்தாள். மெஷின்களுக்கெல்லாம் கரண்ட் கொடுக்கும் மெயின் சுவிட்ச் அங்கே இருந்தது. சூப்பர்வைசரும் எலக்ட்ரீஷியனும் தவிர வேறு யார் தொட்டாலும் வேலை போய்விடும்.

"ஏய் காலர்! அதைத் தொட்டே, உன் சீட்டு கிழிஞ்சுடும்!" என்று மேஜைமேலிருந்து கத்தினார் மைக்.

அவள் சிவப்புப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இறக்கினாள்.

மெஷின்கள் அடங்கின. குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்து அவளையே பார்த்தன.  அவள் குரலை உயர்த்தினாள்.

"யாரும் எதையும் மடிச்சு வைக்க வேணாம். பாதி பீஸ் அத்தனைக்கும் நான் பதில் சொல்றேன். ஜன்னல் வரிசை முதல்ல கிளம்புங்க. அத்தை, நீங்க முன்னால நடங்க."

அலாரம் இன்னும் அலறியதால் முன்வரிசைக்குத்தான் கேட்டது. அவர்கள் பின்வரிசைக்குச் சொன்னார்கள். நாற்காலிகள் நகர்ந்தன.

"மைக் அண்ணே, பாத்ரூம்ல யாராவது இருந்தா கத்திக் கூப்பிடுங்க. உங்க தொண்டை இப்பதான் வேணும்."

மைக் முறைத்தார். பிறகு, தானே எதிர்பார்க்காத வேகத்தில் இறங்கி ஓடினார்.

கடைசி ஆளாக அவள் கீழே வந்தபோது முற்றத்தில் மேனேஜர் நின்றிருந்தார். தீயும் இல்லை, புகையும் இல்லை. வெறும் ஒத்திகை. மூன்றாவது மாடியில் மெஷின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

"நாலாவது மாடில மெஷின் எல்லாம் ஒரேயடியா நின்னுச்சே, மெயினை இறக்கினது யாரு?"

எல்லார் கண்ணும் காலர்மேல் போனது. யாரும் வாய் திறப்பதற்குள் அக்கா ஓடி வந்து, தங்கையைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"தெரியாம பண்ணிட்டா சார். சின்னப் பொண்ணு. நான் கண்டிச்சு வைக்கறேன்."

"ரெண்டு புள்ளை பெத்தவ சின்னப் பொண்ணா?" என்று முணுமுணுத்தாள் பட்டன் அத்தை.

காலர் அக்காவின் கையை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"தெரிஞ்சேதான் பண்ணேன் சார். நாளைக்கு மறுபடி அலாரம் அடிச்சாலும் இறக்குவேன். வேலையை விட்டு எடுக்கறதுன்னா இப்பவே எடுங்க. இல்லைன்னா அக்காவோட இடத்தை எனக்குக் குடுங்க. பாவம்னு மன்னிச்செல்லாம் விட வேணாம்."

"இதுக்குப் பேரு திமிர், தெரியுமா?"

"இருந்துட்டுப் போகட்டும் சார்."

மேனேஜர் மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு முற்றத்தில் வரிசையாக நின்ற நாலாவது மாடி ஆட்களைப் பார்த்தார். அக்காவிடம் திரும்பினார்.

"நீதானேம்மா பேர் சொல்லணும். மைக்கா, இவளா?"

"என்னை விட்டுடுங்க சார்" என்றார் மைக். குரல் கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"இவ பேரையே எழுதிக்குங்க, சார்."

மேனேஜர் தலையாட்டிவிட்டு மூன்றாவது மாடிப் படிக்கட்டை நோக்கிக் கத்திக்கொண்டே போனார். பட்டன் அத்தை கை தட்டினாள். காலர் நகரவில்லை. வேலை கிடைத்ததோடு அவளுக்குக் கோபம் தீர்ந்துவிடவில்லை.

"கூடவே பொறக்கணும், எனக்கு அது இல்லைன்னு காலைல சொன்னியே. அதை இப்ப சொல்லுக்கா. இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லு."

அக்கா நிமிர்ந்தாள். ஒரு மாடியையே அடக்கிய அவள் குரல், பக்கத்தில் நிற்பவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வந்தது.

"நீயும் முன்னால வந்து நின்னுட்டா, அப்புறம் நான் யாருக்குடி அக்கா?"